ஐந்து டைரியில் ஒரே வரி: நம் சங்கம் எதற்காக இருக்கிறது?

களநோட்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நான் 11 வருடமாகக் களத்தில் இருக்கிறேன். முதியோர், தனித்து வாழும் பெண்கள், இவர்களுடைய உதவித்தொகை விஷயங்கள்தான் பெரும்பாலும் என் வேலை. எங்கள் பகுதியில் சமூகப் பணியாளர்களுக்கென்று ஒரு சங்கம் உண்டு. அறுபது பேருக்கு மேல் இருக்கிறோம். போன மாதம் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள்.

பொறுப்பு வந்ததும் பழைய மினிட்ஸ் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்து வருடக் கூட்டங்கள். மார்ச் மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை உலகச் சமூகப் பணி நாள் விழா. வருடத்துக்கு ஒரு கருத்தரங்கு. ஓய்வு பெற்றவர்களுக்குப் பாராட்டு. சந்தா பாக்கி பற்றிப் பக்கம் பக்கமாக விவாதம். இதில் எதுவும் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாம் யாருக்காக வேலை செய்கிறோமோ அவர்களைப் பற்றி ஐந்து வருடத்தில் ஒரு தீர்மானம்கூட இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை.

இப்போது போன செயற்குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். எல்லோரும் வந்து சேரும் வரை சும்மா பேசிக்கொண்டிருந்தோம். அன்று காலை நான் பார்த்த ஒரு பாட்டியைப் பற்றிச் சொன்னேன். வாழ்நாள் முழுக்க வீட்டு வேலை செய்த கை. விரல் நுனியில் ரேகையே இல்லை, வழவழவென்று தேய்ந்து போயிருக்கிறது. உதவித்தொகை வாங்கக் கைரேகை மெஷினில் கட்டைவிரலை வைக்கிறார், சிவப்பு விளக்கு எரிகிறது. சேலையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார். மறுபடியும் சிவப்பு. அடுத்த விரல், அதற்கடுத்த விரல். கவுண்டரில் இருந்தவர், "அடுத்த மாசம் வந்து பாருங்கம்மா" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. பாட்டி தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார், ஏதோ தான் தப்பு செய்துவிட்ட மாதிரி.

நான் சொல்லி முடிக்கவில்லை, பக்கத்தில் இருந்தவர் தன் டைரியைப் புரட்டி ஒரு பக்கத்தைக் காட்டினார். "கைரேகை பதியவில்லை. மீண்டும் வரச் சொல்லப்பட்டது." எதிரில் இருந்தவரும் எடுத்தார். அப்புறம் இன்னும் இருவர். மேசையில் ஐந்து டைரி விரிந்து கிடந்தது, ஐந்திலும் ஏறக்குறைய அதே வரி. எண்ணிப் பார்த்தோம். மூன்று மாதத்தில் 17 பேர். ஒவ்வொருவருக்காகவும் தனித்தனியாகக் கடிதம் எழுதி, தனித்தனியாக அலைந்து, சிலருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறோம், சிலருக்கு முடியவில்லை. ஒருவர் டைரியில் என்ன இருக்கிறது என்று அடுத்தவருக்குத் தெரியாது.

அதற்குள் தலைவர் வந்துவிட்டார், கூட்டம் தொடங்கியது. முதல் அஜெண்டா ஆண்டு விழாவுக்கு மண்டபம் பிடிப்பது. டைரிகளை மூடிப் பைக்குள் வைத்துவிட்டோம்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த 17 பேருக்காகச் சங்கம் பேச வேண்டுமா, கூடாதா? பேசினால் எப்படி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


வெள்ளிமணி எழுதியது:

அக்கா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் மருத்துவமனையில் வேலை பார்க்கும் சமூகப் பணியாளர். ஒரு நோயாளிக்கு உதவித்தொகையோ, சான்றிதழோ, வீட்டுக்குப் போக வண்டியோ வேண்டுமென்றால் எனக்கு அறிமுகம்தான் பலம். இந்த அலுவலகத்தில் இன்னாரைத் தெரியும், அந்தப் பிரிவில் இன்னார் போன் எடுப்பார். அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் வேலை நடக்கிறது. நாளைக்குச் சங்கம் அதே அலுவலகத்தின் மேல் புகார் கொடுத்தால், நாளன்றைக்கு அதே கவுண்டரில் போய் நிற்பது நான்தான். என் பின்னால் நிற்கும் நோயாளிக்குத்தான் அடி விழும்.

அப்புறம் ரகசியம். மக்கள் நம்மிடம் வாய் திறப்பதே வெளியே போகாது என்ற நம்பிக்கையில். அந்த டைரிகளை மேசையில் விரித்தீர்களே, அதுவே எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. தப்பாக நினைக்காதீர்கள்.

எங்களில் பாதிப் பேர் ஒப்பந்த ஊழியர்கள். வருடா வருடம் கையெழுத்து வாங்கித்தான் வேலை நீடிக்கிறது. அவர்களை முன்னால் நிறுத்திவிட்டுச் சங்கம் பின்னால் நின்றுவிடக் கூடாது.


தாழ்வாரம் எழுதியது:

நான் முதுகலை கடைசி வருடம் படிக்கிறேன். பெரியவர்கள் பேசும் இடத்தில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும்.

எங்களுக்கு முதல் செமஸ்டரிலேயே 2014இல் மெல்போர்னில் ஏற்றுக்கொள்ளப்பட்ட, சமூகப் பணிக்கான உலகளாவிய வரையறையைச் சொல்லிக் கொடுத்தார்கள். சமூக நீதி, மனித உரிமை, கூட்டுப் பொறுப்பு, பன்மைக்கு மதிப்பு, இந்த நான்கும் சமூகப் பணிக்கு மையம் என்று அதில் இருக்கிறது. தேர்வில் எழுதி மார்க்கும் வாங்கினேன். களப் பயிற்சிக்குப் போன முதல் வாரம், "இந்தக் குடும்பத்துக்கு ஏன் மூன்று முறையும் மறுத்தார்கள்?" என்று கேட்டேன். "அதெல்லாம் நம்ம வேலை இல்லப்பா, ஃபார்ம் நிரப்பிக் கொடு" என்றார் மேற்பார்வையாளர். அவர் நல்ல மனிதர், மக்களுக்காக ஓடி ஓடி உழைக்கிறவர். அவரே அப்படிச் சொன்னதால்தான் எனக்குக் குழப்பம். வகுப்பில் மையம் என்று படித்தது களத்துக்கு வந்ததும் எங்கே போகிறது?


நிழற்குடை எழுதியது:

தம்பி, உன் கேள்விக்கு நூறு வருடத்துக்கு மேல் வயசு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன், நேரம் இருக்கிறது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

1889இல் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் அமெரிக்காவின் சிகாகோவில் ஹல் ஹவுஸ் என்ற சமூக சேவை இல்லத்தைத் தொடங்கினார்கள். லண்டனில் 1884இல் தொடங்கிய, இதே மாதிரி இல்லமான டாயின்பீ ஹாலைப் பார்த்துவிட்டு வந்த யோசனை அது. குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில் போய்க் குடியிருப்பது, அவர்களோடு வாழ்வது. முதலில் அவர்கள் செய்ததும் நாம் செய்கிற மாதிரி வேலைகள்தான். குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது, பாடம் சொல்லிக் கொடுப்பது, நோயாளிக்குத் துணையாக இருப்பது.

ஆனால் குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்ப நோய் வந்துகொண்டே இருந்தது. தெருவில் குப்பை அள்ளப்படாமல் கிடந்தது. ஆடம்ஸ் என்ன செய்தார் தெரியுமா? அந்த வட்டாரத்தின் குப்பை அள்ளும் ஒப்பந்தத்தைத் தனக்கே கொடுக்கும்படி டெண்டர் போட்டார். அதை நிராகரித்தார்கள். ஆனால் 1895இல் அவரையே குப்பை ஆய்வாளராக மேயர் நியமித்தார். காலை ஆறு மணிக்கு எழுந்து குப்பை வண்டிகளின் பின்னாலேயே போய், ஒழுங்காக அள்ளுகிறார்களா என்று பார்த்திருக்கிறார். ஒரு குறுகலான தெருவில் குப்பையை அள்ள அள்ள, ஒன்றரை அடி ஆழத்தில் தளம் பாவிய பாதை ஒன்று இருந்தது. யாருக்கும் தெரியாமல் புதைந்து கிடந்திருக்கிறது. தோண்டிய பிறகு நகராட்சியின் பழைய ஆவணங்களைப் பார்த்தால், அங்கே பாதை இருந்ததற்கான பதிவும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் இது. பயிற்சிக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவேன்.

அவர்கள் முன்பே வீடு வீடாகப் போய்ச் சேகரித்திருந்த விவரத்தை வைத்து, அதே 1895இல் எந்த வீட்டில் எந்த நாட்டுக்காரர், வாரக் கூலி எவ்வளவு என்று வண்ணம் தீட்டிய வரைபடங்களாக வெளியிட்டார்கள். அந்த வேலையை முன்னின்று நடத்தியவர் ஹல் ஹவுஸில் குடியிருந்த ஃபிளாரன்ஸ் கெல்லி. அதற்கு இரண்டு வருடம் முன்பே அவர்கள் திரட்டிய ஆதாரங்களும் சேர்ந்து இல்லினாய் மாநிலத்தில் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. 14 வயதுக்குக் கீழே இருப்பவர்களைத் தொழிற்சாலையில் வைக்கக் கூடாது, பெண்களுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்றது சட்டம். கெல்லியே தலைமை ஆய்வாளர் ஆனார். 1895இல் அந்த எட்டு மணி நேரப் பகுதியை மாநில உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அவர் அதோடு ஓயவில்லை, வாழ்நாள் முழுக்க அதே வேலைதான்.

1929இல் போர்ட்டர் லீ என்பவர் அமெரிக்காவின் சமூகப் பணி மாநாட்டில் தலைமை உரை ஆற்றினார். லட்சியமாகத் தொடங்கிய சமூகப் பணி, மெல்ல மெல்ல அன்றாட அலுவலாக மாறுகிறது என்பதுதான் பேச்சின் பொருள். இரண்டும் வேண்டும் என்றார். தம்பியின் மேற்பார்வையாளர் அலுவலில் குறை வைக்காதவர். லட்சியத்தைத் தனி ஆள் தூக்கிச் சுமக்க முடியாமல் கீழே வைத்துவிட்டார், அவ்வளவுதான். சுமை பகிரத்தானே சங்கம்?


களநோட்டு எழுதியது:

ஐயா, அந்தப் புதைந்த பாதைக் கதை இதுவரை கேள்விப்பட்டதில்லை. ரொம்ப நன்றி.

வெள்ளிமணி, டைரியைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அன்று பெயர்களோடுதான் விரித்தோம். எல்லோரும் ஒரே தொழிலில் இருப்பவர்கள்தானே என்று நினைத்துவிட்டேன். அப்படி நினைத்திருக்கக் கூடாது. எப்படிச் செய்திருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.


சாய்தளம் எழுதியது:

நான் சமூகப் பணியாளர் இல்லை. உங்கள் மொழியில் சொன்னால் "பயனாளி". சக்கர நாற்காலியில் இருக்கிறேன். இந்த விவாதத்தில் நான் பேசலாமா என்று யோசித்தேன், பேசித்தான் ஆக வேண்டும் என்று பட்டது.

எங்கள் பக்கத்து அலுவலகத்தில் சாய்தளம் வேண்டும் என்று ஒரு அமைப்பு மனு கொடுத்தது. நல்ல எண்ணம்தான். மனு ஏற்கப்பட்டு, சாய்தளம் கட்டி, திறப்பு விழாவும் நடந்தது. மறுநாள் நான் போனேன். மூன்று படி உயரத்தை நாலே எட்டில் ஏற்றியிருந்தார்கள். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது உலகம் முழுக்க இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்த கணக்கு. பாதி ஏறினேன், சக்கரம் பின்னால் வழுக்கியது. இரண்டு பேர் ஓடி வந்து பிடித்தார்கள். அன்றிலிருந்து அதில் சைக்கிள் நிறுத்துகிறார்கள்.

மனு எழுதியவர்களில் ஒருவராவது என்னிடமோ என்னைப் போன்ற இன்னொருவரிடமோ கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்போம். எங்களை விட்டுவிட்டு எங்களைப் பற்றி எதுவும் வேண்டாம் என்று மாற்றுத்திறனாளிகள் இயக்கம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐநா ஒப்பந்தம் 2006இல் வந்தபோது, அதை எழுதும் வேலையிலேயே மாற்றுத்திறனாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஐநாவில் முடிந்தது உங்கள் செயற்குழுவில் முடியாதா?

அந்தப் பாட்டிக்காகப் பேசுங்கள், கட்டாயம் பேசுங்கள். ஆனால் அவரிடம் கேட்டீர்களா? பணம் அஞ்சலில் வந்தால் போதும் என்பாரா, மெஷினே வேண்டாம் என்பாரா, இல்லை, என் பேத்தி விரல் வைத்தால் ஏற்பார்களா என்று கேட்பாரா? அவர் வாயிலிருந்து வர வேண்டும்.


ஆற்றங்கரை எழுதியது:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா என்று தயங்கினேன்.

நான் குழந்தைகள் நலனில் வேலை செய்கிறேன். சில வருடம் முன்பு ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு ஆய்வுக்குப் போனேன். எத்தனை பேருக்கு அனுமதியோ அத்தனை கட்டில் சரியாக இருந்தது. பதிவேட்டிலும் அதே எண்ணிக்கை. எல்லாம் ஒழுங்கு. கிளம்பும்போது எதற்கோ திரும்பி உள்ளே பார்த்தேன். ஒவ்வொரு கட்டிலிலும் இரண்டு தலையணை. தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று. நின்று எண்ணினேன். அப்புறம் மாலையில் குழந்தைகள் பள்ளியிலிருந்து திரும்பும் நேரத்துக்கு மறுபடி போய் வாசலில் நின்று தலைகளை எண்ணினேன். தலையணைக் கணக்குத்தான் சரி.

அறிக்கையில் அந்த எண்ணை எழுதினேன். மாற்றி எழுதச் சொன்னார்கள். முடியாது என்றேன். மூன்று வாரத்தில் வேறு இடத்துக்கு மாற்றினார்கள். காரணமாக "நிர்வாக நலன்" என்று ஒற்றை வரி.

நான் அன்று எங்கள் சங்கத்திடம் போனேன். அவர்கள் மோசமானவர்கள் இல்லை. உட்கார வைத்து ஆறுதல் சொன்னார்கள். "கொஞ்ச நாள் பொறுமையா இரு, தானா சரியாகும்" என்றார்கள். நான் கேட்டது பெரிய போராட்டம் ஒன்றும் இல்லை. "இவர் எங்கள் உறுப்பினர். இந்த அறிக்கை தொழில் நெறிப்படி எழுதப்பட்டது. இதை விசாரிக்க வேண்டும்" என்று சங்கத்தின் லெட்டர்பேடில் மூன்று வரி. அந்த மூன்று வரி வரவேயில்லை. எனக்கு அடுத்து வந்தவர் கட்டில்களை எண்ணினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, என் கதி அவர் கண் முன்னால் இருந்ததே.

வெள்ளிமணி சொன்ன பயம் நிஜம். நான் அனுபவித்தேன். ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து சங்கம் ஒதுங்கி நிற்பது அல்ல. சங்கம் ஒதுங்கி நின்றதால்தான் எனக்கு அடி பலமாக விழுந்தது. 2018இல் சர்வதேசச் சமூகப் பணியாளர் கூட்டமைப்பு வெளியிட்ட நெறிகளில், அநியாயமான கொள்கைகளையும் நடைமுறைகளையும் எடுத்துச் சொல்வது சமூகப் பணியாளரின் கடமை என்றே இருக்கிறது. கடமை என்று ஒருவர் தலையில் வைத்துவிட்டு, அதைச் செய்தவரைத் தனியாக விட்டுவிடுவது எப்படிச் சரி?


வெள்ளிமணி எழுதியது:

ஆற்றங்கரை, அந்தத் தலையணை விஷயம் என் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. நான் முதலில் எழுதியதை மறுபடி படித்துப் பார்த்தேன். பயத்தைச் சொன்னேனே தவிர, அதற்கு வழி எதுவும் சொல்லவில்லை.

இப்போது எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மருத்துவமனையில் நோயாளிகளின் விவரங்களைத் தொகுக்கும்போது பெயரை மட்டும் எடுத்தால் போதாது. "இரட்டைக் குழந்தைகளின் தாய், ஒரு கால் இல்லாதவர்" என்று எழுதினால் பெயர் எதற்கு? அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆகவே வயதைத் துல்லியமாக எழுதாமல் 60 முதல் 70 என்று போட வேண்டும். தெருப் பெயர் வேண்டாம். பிரச்சினைக்குச் சம்பந்தமில்லாத அடையாளம் எதுவும் வேண்டாம். அவரவர் டைரி அவரவரிடமே இருக்கட்டும், சங்கத்துக்கு வருவது ஒரு தனித் தாள் மட்டும். அதற்கும் சம்பந்தப்பட்டவரிடம் சம்மதம் கேட்க வேண்டும். ஒரு தடவை கேட்டால் நமக்காக "சரிங்க" என்று சொல்லிவிடுவார்கள். நம் கையில்தான் தங்கள் உதவித்தொகை இருக்கிறது என்று நினைக்கிறார்களே. அதனால் ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை கேளுங்கள். வேண்டாம் என்றாலும் உங்கள் வேலையை நான் செய்துகொடுப்பேன் என்று வாயால் சொல்லுங்கள்.

கடிதத்தில் சங்கம் மட்டும் கையெழுத்துப் போட வேண்டும். எந்த உறுப்பினரிடமிருந்து எந்தத் தகவல் வந்தது என்பது வெளியே போகவே கூடாது. இது நடந்தால் நானும் தாள் தருகிறேன். என்னிடமும் நாலைந்து பேர் இருக்கிறார்கள், அதே விரல் பிரச்சினை.


மணல்மேடு எழுதியது:

எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு எச்சரிக்கை மட்டும். நான் முன்பு இருந்த சங்கம் இப்படித்தான் ஆரம்பித்தது. இரண்டே வருடத்தில் மனு கொடுக்கும் போட்டோவில் யார் நடுவில் நிற்பது என்பதில் சண்டை. ஒருவர் அரசியலில் இடம் பிடிக்கச் சங்கத்தின் பெயரைப் பயன்படுத்தினார். உறுப்பினர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். கடைசியில் கருத்தரங்கு நடத்தக்கூட ஆள் இல்லை. சமூக நீதி என்று பேசுகிற இடத்துக்குக் கட்சிக்காரர்கள் வராமல் இருக்க மாட்டார்கள்.


நிழற்குடை எழுதியது:

மணல்மேடு சொல்வது நடக்கக்கூடியதுதான். நானும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் ட்ரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம் பெண்கள். வெளியேறும் கதவு பூட்டியிருந்தது. அதைத் தெருவில் நின்று கண்ணால் பார்த்தவர்களில் ஒருவர் பிரான்சஸ் பெர்கின்ஸ். முன்பு ஹல் ஹவுஸில் வேலை செய்தவர். பிறகு தொழிற்சாலைகளை ஆய்வு செய்தார், சட்டம் வர உழைத்தார், 1933இல் அமெரிக்காவின் தொழிலாளர் துறை அமைச்சரானார். 1935இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் அவர் பங்கு பெரிது. ஒரு சமூகப் பணியாளர் அரசியலுக்குப் போவதில் தப்பில்லை. சங்கத்தையும் கையோடு தூக்கிக்கொண்டு போகக் கூடாது. பதவிக்குப் போகிறவர் சங்கப் பொறுப்பை விட்டுவிட்டுப் போகட்டும் என்று விதியில் எழுதி வையுங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைப் பற்றி நம் தொழிலில் குறைவாகப் பேசுகிறோம். ஆஸ்திரேலியாவில் பல பத்தாண்டுகள் பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தார்கள். 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அந்தக் குழந்தைகளை யார் கொண்டுபோனார்கள்? வீட்டு வாசலில் போய் நின்றவர்களில் நம் தொழில்காரர்களும் உண்டு. குழந்தையின் நலனுக்காகத்தான் என்று நம்பியே செய்தார்கள். இது சரிதானா என்று அவர்களின் சங்கக் கூட்டத்தில் அன்றைக்கு ஒருவராவது எழுந்து கேட்க இடம் இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்ப்பேன்.

சரி, வேலைக்கு வருகிறேன். களநோட்டு, முதலில் புகார் எழுதாதீர்கள். முதலில் விதியைப் படியுங்கள். என் அனுபவத்தில் பாதிப் பிரச்சினைகளுக்கு விதியிலேயே வழி எழுதியிருக்கும், கவுண்டரில் இருப்பவருக்கு அது போய்ச் சேர்ந்திருக்காது. அவர் மேலும் வேலை மலை மாதிரி குவிந்து கிடக்கும். அவரை எதிரியாக்காமல் மேலதிகாரியை நேரில் பாருங்கள். போகும்போது பாதிக்கப்பட்டவர்களில் விருப்பமுள்ள ஒருவரையாவது கூட அழைத்துப் போங்கள், அவர் பேசட்டும். பேசி முடித்ததை அன்றைக்கே எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். அந்த நகல் இல்லாத பேச்சு காற்றோடு போய்விடும். நாள் குறித்துத் திரும்பப் போங்கள். அதற்கும் அசையவில்லை என்றால்தான் அடுத்த படி, பத்திரிகை கடைசியில்.


தாழ்வாரம் எழுதியது:

தாள்களைத் தொகுக்கிற வேலையை நான் செய்கிறேன். ஸ்ப்ரெட்ஷீட் எனக்கு நன்றாக வரும். பெயர் இல்லாத தாள்தான் என்றால் மாணவன் கையில் கொடுப்பதிலும் தப்பில்லையே? என் மேற்பார்வையாளரிடம் இந்த இழையைக் காட்டினேன். முழுக்கப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவரே இரண்டு தாள் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார்.


களநோட்டு எழுதியது:

ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பொதுக்குழுவைக் கூட்டினோம். 38 பேர் வந்தார்கள். இரண்டு மணி நேரம் பேசினோம், சில இடங்களில் குரல் உயர்ந்தது. மூன்று விஷயம் முன்வைத்தேன். ஒன்று, உறுப்பினர்கள் கொண்டுவரும் தாள்களை மாதம் ஒரு முறை சேர்த்து வைத்துப் பார்க்கும் ஒரு சிறு குழு. அது நிறைவேறியது. வெள்ளிமணி சொன்ன விதிகளை அப்படியே எடுத்துக்கொண்டோம். இரண்டு, தொழில் நெறிப்படி அறிக்கை எழுதியதற்காக ஒரு உறுப்பினருக்குத் தொல்லை வந்தால் ஏழு நாளுக்குள் சங்கம் எழுத்தில் பேச வேண்டும். ஆற்றங்கரையின் கதையை, அவரிடம் அனுமதி கேட்டு, பெயரும் இடமும் இல்லாமல் வாசித்தேன். வாசித்து முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அதுவும் நிறைவேறியது. மூன்றாவது, வேலை இழக்கும் உறுப்பினருக்கு உதவ ஒரு நிதி. தோற்றுப் போனது. சந்தாவை உயர்த்த யாருக்கும் மனம் இல்லை. எனக்கு அதில் வருத்தம்தான். ஒப்பந்த ஊழியருக்குக் கடிதம் மட்டும் போதாது. அடுத்த பொதுக்குழுவில் மறுபடி வைப்பேன்.

மணல்மேடு சொன்னதை நினைத்து, மனு கொடுக்கும்போது போட்டோ எடுப்பதில்லை என்றும் முடிவு செய்தோம்.

இப்போது விரல் விஷயம். தாள்கள் வந்து சேர்ந்தபோது எண்ணிக்கை 17இல் நிற்கவில்லை, 29 ஆனது. நிழற்குடை ஐயா சொன்னபடி விதிகளைத் தேடினோம். தாழ்வாரம் தம்பிதான் கண்டுபிடித்தார். ரேகை பதியாதவர்களுக்கு வேறு அடையாளச் சான்று பார்த்து, தனிப் பதிவேட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டு பணம் கொடுக்கலாம் என்று சுற்றறிக்கையே இருக்கிறது. பழையது. ஐயா, அதைப் படித்தபோது நீங்கள் சொன்ன புதைந்த பாதைதான் ஞாபகம் வந்தது.

அந்தப் பாட்டியிடம் போய்க் கேட்டேன். என்ன வேண்டும் என்று. நான் எதிர்பார்த்தது வேறு. "பணம் கெடைக்காட்டியும் பரவால்ல, எல்லார் முன்னாடியும் பத்து வெரலையும் வெச்சுக் காட்டச் சொல்ல வேணாம்" என்றார். இத்தனை மாதம் அவருக்காகக் கடிதம் எழுதியிருக்கிறேன், இது எனக்குத் தெரியவில்லை.

அவரே எங்களோடு வந்தார். அதிகாரி அறையில் நாங்கள் சுற்றறிக்கையை எடுத்து நீட்டுவதற்கு முன்பே அவர் மேசை மேல் இரண்டு கையையும் விரித்து வைத்தார். அதிகாரி கொஞ்ச நேரம் அந்தக் கைகளைப் பார்த்தார். அப்புறம் கவுண்டர் ஊழியரை அழைத்துத் தனிப் பதிவேடு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. அன்றே ஒரு நோட்டுக்குக் கோடு போட்டுத் தொடங்கினார்கள். இரண்டு முறைக்கு மேல் விரல் வைக்கச் சொல்லக் கூடாது என்று கவுண்டரில் எழுதி ஒட்டினார்கள். அதையும் எழுத்தில் கொடுத்து முத்திரை வாங்கிவிட்டோம்.

29 பேரில் 22 பேருக்கு இந்த மாதம் கிடைத்தது. மற்ற ஏழு பேருக்குப் பெயர் எழுத்துப் பிழை, பழைய முகவரி என்று வேறு சிக்கல்கள். அவை தனித்தனியாக ஓடுகின்றன.

குழுவுக்கான தாளில் இப்போது இருக்கும் கட்டங்கள் இவை: மாதம், வயது வரம்பு, எந்தச் சேவை, என்ன காரணம் சொல்லி மறுத்தார்கள், எத்தனை முறை அலைந்தார், சம்மதம் கேட்ட இரண்டு தேதிகள். வேறு ஏதாவது விட்டுப்போனதா?


ஆற்றங்கரை எழுதியது:

ஏழு நாள் தீர்மானத்தின் நகல் ஒன்று எனக்கு அனுப்ப முடியுமா? இங்கே எங்கள் சங்கத்தில் வைக்க வேண்டும்.


சாய்தளம் எழுதியது:

அக்கா, ஒரு கட்டம் விட்டுப்போயிருக்கிறது. "அவர் என்ன கேட்கிறார்?" அந்தப் பாட்டி சொன்னதை இந்தத் தாளில் எங்கே எழுதுவீர்கள்?


களநோட்டு எழுதியது:

ஆற்றங்கரை, நகல் அனுப்பிவிட்டேன்.

சாய்தளம், சேர்த்துவிட்டேன். தாளிலேயே பெரிய கட்டம் அதுதான், மாதத்துக்கும் மேலே முதலில் வருகிறது. அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும் என்று கீழே குறித்திருக்கிறேன். அடுத்த கூட்டம் வரும் சனிக்கிழமை. உங்களால் வர முடியுமா? கூடும் இடத்தின் வாசலில் இரண்டு படி இருக்கிறது. டேப் வைத்து அளந்தேன், ஒரு அடி உயரம். பன்னிரண்டு அடிப் பலகைக்குச் சொல்லியிருக்கிறேன்.